முகம் மூடியவர்களின் ஆட்டம்

கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தொப்பி, வாயைச் சுற்றித் துணி, கையில் உறை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, இதில் பார்க்கக் கூடாத ஆம்பளை எங்கே இருக்கான், நகம்கூடத் தெரியலையே, என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் சபுரா டி.வி.யைப் போட்டாள். இத்தாவில் இருக்கிற பொம்பளை. புருஷன் செய்யது மசூது மௌத்தாகி நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவள், அந்நிய ஆணின் கண்ணில் படக் கூடாது, அந்நிய ஆணைக் கண்ணால் பார்க்கவும் கூடாது என்று சொல்லி மருமகள் ஷமீமா சென்னைக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்து டி.வி.யின் தலையில் போர்த்திவிட்டுப் போனாள். செய்தி வாசிக்கிறவன் அந்நியன், சோப்பு விற்கிறவன் அந்நியன், சரிதான். ஆனால் பனியில் சறுக்கிக்கொண்டு போகிற இவன் யார்? இவனைத் தெருவில் நிறுத்திக் காட்டினால் பெற்றவளே அடையாளம் சொல்லமாட்டாள். பள்ளிவாசல் ஆலிம்ஷாவிடம் கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் இருந்தால் அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதனால் சபுரா கேட்கவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு, இரண்டு வாய் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, துப்பட்டியின் முன்பக்கத்தை மட்டும் மேலே தூக்கிப் போட்டு, சத்தத்தை அமர்த்தி வைத்துக்கொண்டு இந்த ஒரு வாரமாக எந்த நாட்டிலோ நடக்கிற குளிர்கால விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடையநல்லூரில் மாசி வெயில் ஓட்டைப் பிளக்கிறது, அங்கே என்னடாவென்றால் மரத்துக்கு மரம் வெள்ளை. ஃப்ரீசரில் கட்டிக் கிடக்கிற பனியைத் தோசைக்கரண்டியால் சுரண்டுவாளே, அவளுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான்.

இந்தக் குதிக்கிறவன் இருக்கானே, இவன்மேல் அவளுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு வருத்தம். மலை உச்சியில் ஒரு கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கிறான், கீழே பார்த்தால் குடல் கலங்குகிற பள்ளம், காலில் ஆளைவிட நீளமாக இரண்டு பலகை. போகிறது அவன், விழுந்தால் உடைகிறது அவன் எலும்பு, ஆனால் எப்போது போகணும் என்பதைப் பக்கத்தில் மேடையில் நிற்கிற ஒருவன் கொடியை இறக்கிச் சொல்கிறான். அதுவரைக்கும் இவன் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கணும். என்ன பிழைப்பு இது. காற்று சரியில்லை என்றால் எழுந்து ஓரமாகப் போ என்கிறான், போகிறான், மறுபடி வா என்கிறான், வருகிறான். சபுராவுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் குதிப்பதைவிட அவன் காத்திருப்பதுதான் பயமாக இருக்கும். இன்றைக்கு இன்னும் கூடுதலாக இருந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெய்னம்பு மைனி வருகிறாள். மசூதுடைய அக்கா, குடும்பத்துக்கு மூத்தவள், தென்காசியில் மகன் வீட்டில் இருக்கிறவள். சும்மா வரவில்லை, பதில் கேட்க வருகிறாள். இத்தா முடிந்ததும் சபுரா சென்னைக்கு மகன் ரிபாய் வீட்டுக்குப் போய்விடுவது, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவது. ஒரு வாத்தியார் குடும்பம் கேட்டிருக்கிறதாம், நல்ல ஆட்களாம். உங்க இஷ்டம்தான்ம்மா என்று ரிபாய் போனில் சொன்னான், சொன்ன கையோடு பிள்ளைகள் அறையில் உம்மாவுக்குக் கட்டில் போட அளவெடுத்தாச்சு என்றும் சொன்னான். கீழ்க்கட்டில்தான், ஏற வேண்டாம். மேலே பேரன் படுப்பான். கொடி இறங்கியது. பையன் கம்பியை விட்டுவிட்டான், சர்ரென்று போய்க் காற்றில் படுத்துக்கொண்டான். படுத்தவன் படுத்தபடியே எவ்வளவு தூரம் போகிறான். மேலே போன பிறகு அவனை ஒருத்தனும் ஒன்றும் செய்ய முடியாது, அது மட்டும் நல்லாத்தான் இருக்கு. இறங்கும்போது ஒரு காலை முன்னே வைத்து மரியாதையாக இறங்கணுமாம், இல்லையென்றால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவனிடம் போய்க் காலை ஒழுங்காக வைத்தாயா என்று கேட்கிற ஊர் எல்லா இடத்திலும் இருக்கிறது.

ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவைத்திருந்தது மசூதுதான். புனலூரில் கைலிக் கடை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை வருவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்துச் சோறு சாப்பிட்டுப் போய்விடுவார். வருகிறவருக்கு மீன் வாங்கணும், போகிறவருக்குப் பலகாரம் கட்டணும், நடுவில் இருக்கிற நாளெல்லாம் சபுரா என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கால் வீங்கிக் கடையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்தப் பெரிய டி.வி. வந்தது. காலையிலிருந்து செய்தி, செய்தியில் சண்டை, சண்டையைப் பற்றிச் சண்டை. நல்ல மனுஷன். கை நீட்டினதில்லை, வாய் கூசுகிற மாதிரிப் பேசினதில்லை. ரிமோட் அவர் தொடைக்குக் கீழே இருக்கும், அவ்வளவுதான். உனக்கு என்ன பார்க்கணும் என்று அவர் ஒருநாள் கேட்டிருந்தால் சபுரா முழித்திருப்பாள், ஏனென்றால் அவளுக்கே தெரியாது. இப்போது தெரிகிறது, அதுதான் கூத்து. ஐம்பத்தாறு வயசில், வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருக்கிற நேரத்தில், இவளுக்கு எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வந்து நிற்கிறது. ஐஸில் ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துச் சுழல்கிற ஆட்டம் கூடாது, அது யாரும் சொல்லாமலே தெரிந்தது, முகம் தெரிகிறது, அதற்கு மேலேயும் தெரிகிறது. பாதியில் மாற்றினாள். பாதி பார்த்துவிட்டாள் என்பது அல்லாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கட்டும். பொம்பளைகள் கல்லைத் தள்ளுகிற ஆட்டத்தைப் பார்க்கலாம். பொம்பளைதானே, முகம் தெரிந்தால் என்ன. பெரிய கல், மேலே பிடி வைத்தது, ஒருத்தி மெதுவாகத் தள்ளிவிட்டு விட்டுவிடுகிறாள், மற்ற இரண்டு பேர் அதன் முன்னால் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு கூட்டு கூட்டு என்று கூட்டுகிறார்கள். கல்லைத் தொடக் கூடாது. கல் போகிற வழியை மட்டும் கூட்டலாம். சபுரா இதை முதலில் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மௌத்து நடந்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பார்க்கப் பார்க்கச் சிரிப்பு போய்விட்டது. கூட்டுகிறவளுடைய தோளைப் பார்க்கணும். என்ன வேகம். கல் நின்ற பிறகு எல்லாரும் கல்லைத் தள்ளினவளைத்தான் தட்டிக்கொடுக்கிறார்கள்.

அந்தக் கட்டில் எவ்வளவு அகலம் இருக்கும். புரண்டு படுத்தால் சுவர் இடிக்குமா. நடுச்சாமத்தில் தஹஜ்ஜத் தொழ எழுந்தால் லைட் போடலாமா, பிள்ளைகள் முழித்துக்கொள்ளுமே. ஷமீமா நல்ல பெண், ஒன்றும் சொல்லமாட்டாள், ஒன்றும் சொல்லாமல் மறுநாள் ஒரு குட்டி விளக்கு வாங்கி வைப்பாள். அதை நினைத்தால்தான் சபுராவுக்கு மூச்சு முட்டியது. கெட்டவர்கள் யாராவது கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். பிரியமாகக் கூப்பிடுகிறவர்களிடம் எப்படிச் சொல்கிறது. இங்கே இருந்து என்ன பண்ணப்போறீங்க என்பான் ரிபாய். என்ன பண்ணப்போகிறாள்? காலையில் எழுந்திருப்பாள். நினைத்தால் ஆக்குவாள், இல்லையென்றால் பழையதைத் தின்பாள். பின்கட்டில் நிலைப்படியில் உட்கார்ந்தால் மலைக்காற்று வரும், அங்கே உட்காருவாள். இதையெல்லாம் ஒரு காரணம் என்று எடுத்துச் சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான். டி.வி.யில் ஆட்டம் மாறியிருந்தது. ஒருவன் சின்னப் பலகையில் மல்லாக்கப் படுத்திருக்கிறான், கால் முன்னால், கை இரண்டும் பக்கத்தில், அசைவே இல்லை, ஐஸ் வாய்க்காலில் அவனைப் பலகை கொண்டுபோகிறது. சபுரா மாற்றியிருக்கணும். மாற்றவில்லை. சந்தூக்குப் பெட்டியில் மசூதைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இப்படித்தான், கூட்டமாகத் தூக்கினார்கள், படியில் இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் உள்ளே ஜன்னல் ஓரமாக நின்று, ஏலே பாத்து, பாத்து, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. ஜெய்னம்பு மைனி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், ஷமீமாகூட அழுதாள், சபுரா படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வரும் என்றார்கள். தனியாக இருக்கும்போது வரும் என்றார்கள். தனியாகத்தான் இருக்கிறாள், வரவில்லை. நெஞ்சில் ஈரம் இல்லாதவளா நான். இல்லை, அவர் இல்லாதது தெரிகிறது, சோற்றுப் பானையில் தெரிகிறது, ரிமோட் கிடக்கிற இடத்தில் தெரிகிறது. அது அழுகையாக வரமாட்டேன் என்கிறது. அடுத்த பலகையில் இரண்டு பேர் ஒருத்தன்மேல் ஒருத்தன் படுத்துக்கொண்டு வந்தார்கள். அடக் கருமமே என்று சபுரா வேறு பக்கம் பார்த்தாள். சாவு நினைப்பு அந்த அளவில் நின்றது.

துப்பாக்கி வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அதுதான் எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது. இழுத்துப் பிடித்து மேட்டில் ஏறி, நாக்குத் தள்ள ஓடி வந்து, படக்கென்று குப்புறப் படுத்துச் சுடணும். நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது குறி எங்கே நிற்கும். மூச்சை அடக்கி, அடக்கி, ஒவ்வொன்றாகச் சுடுகிறான். குறி தப்பினால் ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, தப்புக்கு ஒரு சுற்று அதைச் சுற்றிவிட்டுத் தன் பாதையில் போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் திட்டுவதில்லை. இது சபுராவுக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. ஒரு நோன்பில் கஞ்சியில் உப்பு கூடிப்போனதை மசூது எத்தனையோ நோன்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே. ஒரு சுற்று சுற்றிவிட்டு வா என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் சுற்றிவிட்டு வந்திருப்பாளே. கடைசியில் கோட்டைத் தாண்டினதும் இவர்கள் அப்படியே பனியில் விழுந்து கிடக்கிறார்கள், பிறகு கண்ணாடியைத் தூக்கிவிடுகிறார்கள், அந்த நேரம் மட்டும் சபுரா கீழே பாயைப் பார்த்துக்கொள்வாள். அவர்கள் கண்ணாடியை இறக்கியிருப்பார்கள் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் திரும்பவும் நிமிர்வாள். சரி, மைனி வந்து கேட்டால் என்ன சொல்வது. இருக்கேன் என்று சொல்லணும். ஒரு வார்த்தைதான். வாயில் வருவது என்னமோ, உங்க இஷ்டம் மைனி. கல்யாணத்துக்குக் கேட்டபோது உங்க இஷ்டம் வாப்பா. வீடு கட்டும்போது அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டபோது உங்க இஷ்டம். ரிபாய் பெண் பார்த்துவிட்டு வந்தபோது உங்க இஷ்டம். நாக்கு அந்தத் தடத்திலேயே போய்ப் பழகிவிட்டது. இன்றைக்கும் போய்விட்டால் கட்டில் வந்துவிடும், குட்டி விளக்கு வந்துவிடும், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் பின்கட்டில் சைக்கிள் விடும். இருக்கேன், என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். குரல் கரகரத்தது. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது தெருவில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கதவைத் தட்டுகிற சத்தமும் கேட்டது.

டி.வி.யை அணைத்துவிட்டுத் துப்பட்டியை இழுத்துவிட நேரம் இருந்தது. சபுரா அதைச் செய்யாமல் போய், ஆள் மறைகிற மாதிரிக் கதவுக்குப் பின்னால் நின்று தாழ்ப்பாளை நீக்கினாள். ஜெய்னம்பு மைனி சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள், மூட்டுவலிக்காரி, இரண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்றாள். ஆட்டோ வெளியே நிக்கட்டும், பொழுதடையுமுன்னே, மஃரிபுக்கு முந்தி நான் போகணும், என்றாள். பிறகு டி.வி. கண்ணில் பட்டது.

"இது என்னட்டி சபுரா, இத்தாவில இருந்துக்கிட்டு?"

"முகம் தெரியாது மைனி. நீங்களே பாருங்க."

மைனி பார்த்தாள். கிட்டத்தில் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "கண்ணுகூடத் தெரியல."

"இல்ல."

"ஆம்பளையா பொம்பளையா?"

"ஆம்பளைதான்."

"யாரு கண்டா," என்று சொல்லிவிட்டு மைனி பாயில் மெதுவாக உட்கார்ந்து காலை நீட்டினாள். ஒருவன் சுட்டான், தப்பியது. மைனி ச்சூ கொட்டினாள். அவன் வட்டத்தைச் சுற்றுவது எதற்கு என்று கேட்டாள், சபுரா சொன்னாள், பரவாயில்லையே என்றாள் மைனி. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது, அதையும் இதோடு முடித்துவிடுவோம் என்கிற மாதிரி, "ரிபாய் போன் போட்டான். வாத்தியாருக்கு வெள்ளிக்கிழமை சொல்லணுமாம். நான் உம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன். நீ என்ன சொல்லப்போறே, சரின்னு சொல்லிரட்டுமா?" என்றாள்.

சபுரா மூச்சை அடக்கினாள். நெஞ்சு அடித்தது அவள் காதுக்கே கேட்டது. "வேண்டாம் மைனி. நான் இங்கேயே இருக்கேன்."

"தனியாவா?"

"தனியா."

"பயமா இருக்காதா?"

"இருக்கும்."

மைனி அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று சபுரா நினைத்தாள், அழப்போகிறாள் என்றும் நினைத்தாள், இரண்டும் இல்லை. மைனி இடுப்பிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடித் தேடி அழுத்தி, காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள். "ரிபாய், மாமி பேசுதேன். உம்மா வரல. இங்கேயே இருக்காளாம். யாரும் சொல்லிக்கொடுக்கல, அவளுக்கு வாய் இருக்கு. நீ என்ன அளவெடுத்தா என்ன, வாத்தியாரை வேற வீடு பாக்கச் சொல்லு. லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வா, அது போதும். அவ தெளிவாத்தான் சொன்னா, நான் பக்கத்துலதான் இருக்கேன்." வைத்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. சபுராவுக்கு மைனியின் காலைப் பிடித்துக்கொள்ளணும்போல இருந்தது. கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்த மைனியின்மேல் இவ்வளவு பாசம் வந்ததில்லை.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மைனி எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்டயும் எம்பிள்ளைக கேட்டானுக," என்றாள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்டுக்காரவுக மௌத்தானப்போ. நான் உங்க பிரியம்னுட்டேன். ஹால்லதான் படுக்கேன் சபுரா. அவங்க எல்லாரும் டி.வி. பார்த்து முடிச்சு எந்திரிச்சாத்தான் பாயை விரிக்க முடியும். குறை ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் பாக்காங்க." முட்டியைத் தடவினாள். "இங்கே ரெண்டு அறை இருக்கு. எனக்கு ஒரு மூலை போதும். உனக்கும் துணையா இருக்கும்ல."

ஹாரன் மறுபடி அடித்தது. சபுரா மைனியின் காலைப் பார்த்தாள், வீங்கின முட்டி, வெடித்த குதிகால். வாங்க மைனி என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே பெட்டி வந்துவிடும். மைனி நல்லவள், அடுப்படியில் கூடமாட நிற்பாள், உப்புப் பார்ப்பாள், பின்கட்டில் பக்கத்தில் உட்காருவாள், ஏன் பேசாமல் இருக்கே என்று கேட்பாள். தனக்காகப் பேசினவளுக்கு ஒரு மூலை இல்லை என்று சொல்கிறவள் மனுஷியா. இல்லைதான். பாவமாக இருந்தது, கண்ணில் தண்ணீர்கூட வரும்போல இருந்தது, ஆனாலும் உள்ளே இருந்த அந்த வார்த்தை நகர மாட்டேன் என்று அங்கேயே நின்றது.

"இன்னைக்கு இருங்க மைனி," என்றாள் சபுரா. "மீன் இருக்கு, ஆக்குதேன். ராவு இங்கேயே படுத்துக்கிடுங்க. ஆட்டோ நாளைக்கு அஸருக்கு வரட்டும்."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

மைனி நீட்டின காலை மெதுவாக மடக்கினாள். பிறகு சரி என்றாள். ஆட்டோக்காரனிடம் யாராவது போய்ச் சொல்லணும். அவன் அந்நிய ஆண், சபுரா வாசலுக்குப் போகக் கூடாது. ஜெய்னம்பு மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நின்று நின்று நடந்து வாசலுக்குப் போனாள். நாளைக்கு வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி அவளே சொன்னது உள்ளே இருந்த சபுராவுக்குக் கேட்டது.